நீராவிக் குழாய்க்குச் சட்டை தைப்பவர்கள்: இன்சுலேட்டர் தொழிலில் நுழைவதும் வேலையைச் சுத்தமாகச் செய்வதும்

10 பார் அழுத்தத்தில் நீராவி ஓடும் 4 அங்குல இரும்புக் குழாயின் மேல் எதுவும் சுற்றாமல் விட்டால், ஒவ்வொரு மீட்டரிலும் ஏறக்குறைய 1 கிலோவாட் வெப்பம் காற்றில் வீணாகும். அதே குழாயில் 50 மி.மீ. ராக்வூல் (கல் இழைப் பஞ்சு) போர்த்தினால் இழப்பு மீட்டருக்கு 65 வாட் அளவுக்கு இறங்கிவிடும். இது கணக்கு. ஆலையில் அளந்து பார்த்தால் பெரும்பாலும் இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். காரணம், நேர்க்குழாயில் யாரும் தப்புச் செய்வதில்லை. எல்போவில் (வளைவில்), வால்வில், ஃபிளாஞ்சில் (போல்ட் போட்டுச் சேர்க்கும் விளிம்பில்), தாங்கியில், இரண்டு துண்டுகள் சந்திக்கும் கோட்டில்தான் வெப்பம் தப்பிக்கிறது, தண்ணீர் நுழைகிறது. மெக்கானிக்கல் இன்சுலேஷன் என்பது அடிப்படையில் இணைப்புகளை மூடும் தொழில். இந்தக் கட்டுரையும் பெரும்பாலும் இணைப்புகளைப் பற்றியதுதான்.

இந்தத் தொழிலைச் சம்பளம் வாங்கிக்கொண்டே முறையாகக் கற்க அமெரிக்காவிலும் கனடாவிலும் தொழிற்சங்கப் பயிற்சி ஒரு நல்ல வழி. முதலில் அதைப் பார்த்துவிட்டு வேலைக்குள் போகலாம்.

சங்கத்தின் வாசல்

அங்கே இன்சுலேட்டர்களின் சங்கத்துக்கு இன்டர்நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ஹீட் அண்ட் ஃப்ராஸ்ட் இன்சுலேட்டர்ஸ் அண்ட் அல்லைட் ஒர்க்கர்ஸ் என்று பெயர். ஊர்வாரியாக, மாநிலவாரியாக அதற்குக் கிளைகள் உண்டு. ஒவ்வொன்றையும் 'லோக்கல்' என்று எண்ணோடு சேர்த்துச் சொல்வார்கள். சங்கம் என்றதும் கொடியும் கோரிக்கையும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். கட்டுமானத் தொழில்களில் லோக்கல் என்பது பள்ளிக்கூடமும் வேலைவாய்ப்பு அலுவலகமும் சேர்ந்த இடம். பயிற்சியை நடத்துவது சங்கமும் ஒப்பந்த நிறுவனங்களும் சரிபாதியாக உட்காரும் கூட்டுக் கமிட்டி. செலவுக்கு, உறுப்பினர் வேலை செய்யும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் நிறுவனம் ஒரு சிறு தொகையைப் பயிற்சி நிதியில் போடுகிறது. அதனால் கல்லூரிபோல ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

விண்ணப்பிக்க வழக்கமாகக் கேட்பவை: 18 வயது, பள்ளி இறுதிச் சான்றிதழ் அல்லது அதற்கு ஈடான தேர்ச்சி, வேலையிடத்துக்குப் போய்வர நம்பகமான வாகனம், போதைப்பொருள் பரிசோதனையில் தேறுவது. பல லோக்கல்களில் எழுத்துத் தேர்வும் நேர்முகமும் உண்டு; மதிப்பெண் வரிசைப்படி பட்டியலில் வைப்பார்கள். எழுத்துத் தேர்வில் பெரிய கணக்கு எதுவும் வராது. பின்னங்கள் வரும், அங்குலத்தில் 16-ல் ஒரு பங்குவரை டேப்பைப் படிப்பது வரும், வட்டத்தின் சுற்றளவு வரும். இந்த மூன்றிலும் தடுமாறுபவர் தேர்வில் மட்டுமல்ல, வேலையிலும் தினமும் தடுமாறுவார். ஒரு மாதம் உட்கார்ந்து பழகிவிட்டுப் போவது நல்லது. நேர்முகத்தில் 'ஏன் இந்தத் தொழில்' என்ற கேள்வி கட்டாயம் வரும். உயரத்தில், சூட்டில், குறுகிய இடத்தில், மேல்நோக்கிக் கையைத் தூக்கியபடி நாள் முழுக்க வேலை செய்ய முடியுமா என்பதைத்தான் அவர்கள் வேறு வார்த்தைகளில் கேட்கிறார்கள்.

பயிற்சி 4 அல்லது 5 ஆண்டுகள். அமெரிக்காவில் பதிவுபெற்ற அப்ரென்டிஸ்ஷிப் என்றால் ஆண்டுக்குச் சுமார் 2,000 மணி நேரம் களவேலை, அதோடு குறைந்தது 144 மணி நேரம் வகுப்பு என்பது பொதுவான அளவு. முழுத் தேர்ச்சி பெற்றவரை இந்தத் தொழிலில் 'மெக்கானிக்' என்பார்கள்; கார் மெக்கானிக் என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். அப்ரென்டிஸின் கூலி மெக்கானிக் கூலியில் ஒரு சதவீதமாகத் தொடங்கும். பல இடங்களில் அது பாதியோ அதற்குச் சற்று மேலோ இருக்கும். மணிக்கணக்கும் வகுப்பும் நிறைவேற நிறைவேறப் படிப்படியாக ஏறும். கனடாவில் முடிவில் ரெட் சீல் தேர்வு இருக்கிறது. தேற 70 சதவீதம் வேண்டும். அந்த முத்திரை இருந்தால் ஒரு மாகாணத்தில் பெற்ற தகுதி மற்ற மாகாணங்களிலும் செல்லும்.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை சில. வகுப்பு இரவிலா, அல்லது வேலையிலிருந்து விடுவித்து வாரக்கணக்கில் நடத்துகிறார்களா? அந்த வாரங்களில் கூலி உண்டா? மருத்துவக் காப்பீடு தொடங்க எத்தனை மணி நேரம் சேர வேண்டும்? மாதச் சந்தா எவ்வளவு, கூலியிலிருந்து பிடிக்கும் வேலைச் சந்தா எத்தனை சதவீதம்? பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டுச் சங்கம் சாராத நிறுவனத்துக்குப் போனால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கேட்பார்களா? இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள். சில இடங்களில் அப்படி ஓர் ஒப்பந்தம் இருக்கும்.

இந்த வேலை ஆண்டு முழுக்க ஒரே சீராக ஓடுவதில்லை. மின்நிலையமும் சுத்திகரிப்பு ஆலையும் பராமரிப்புக்காக நிறுத்தப்படும் வாரங்களில் ஆள் போதாது; அது முடிந்ததும் பத்துப் பேரை ஒரே நாளில் அனுப்பிவிடுவார்கள். அனுப்பப்பட்டவர் ஹையரிங் ஹாலில், அதாவது லோக்கலின் வேலைவாய்ப்பு அலுவலகத்தில், பெயரைப் பதிவு செய்வார். பட்டியல் வரிசைப்படி அடுத்த வேலைக்கு அழைப்பு வரும். வேலை முடிந்த அன்றே பெயரைப் பதிவு செய்யுங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் வரிசையில் பின்னால் போய்விடுவீர்கள். அமெரிக்காவில் கூட்டாட்சி அரசின் பணம் போகும் கட்டுமானங்களில் 1931-ஆம் ஆண்டின் டேவிஸ்-பேக்கன் சட்டப்படி அந்தப் பகுதியில் நிலவும் கூலியைத் தர வேண்டும். இன்சுலேட்டருக்கு அதில் தனி விகிதம் இருக்கும். சம்பளச் சீட்டில் உங்கள் தொழில் வகை இன்சுலேட்டர் என்றுதான் போட்டிருக்கிறதா, பொதுத் தொழிலாளி என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கூலி வித்தியாசம் பெரிது. வேலை செய்த மணிநேரங்களை நீங்களும் தனியாக ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கூலி உயர்வு, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு எல்லாம் அந்த எண்ணில்தான் தொங்குகின்றன.

கத்தியை எடுக்கும் முன்: அஸ்பெஸ்டாஸ்

பழைய ஆலையில் ஏற்கெனவே இருக்கும் இன்சுலேஷனைப் பிரிக்கச் சொன்னால் முதல் கேள்வி: இதைப் பரிசோதித்தார்களா? வெள்ளையாக, சுண்ணாம்புபோல உதிரும் பழைய குழாய் உறைகளிலும் எல்போக்களில் பூசிய பூச்சிலும் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பார்த்துச் சொல்ல முடியாது. மாதிரி எடுத்து நுண்ணோக்கியில்தான் தெரியும். அமெரிக்காவில் தெளித்துப் பூசும் அஸ்பெஸ்டாஸ் 1973-லும், உதிரக்கூடிய வார்ப்புக் குழாய் உறைகள் 1975-லும் தடைசெய்யப்பட்டன. அதற்கு முந்தைய கட்டடம் என்றால் சோதனை முடிவு கைக்கு வரும்வரை தொடக் கூடாது.

இந்த எச்சரிக்கை இத்தொழிலாளர்களின் உடம்பிலிருந்தே பிறந்தது. மருத்துவர் இர்விங் செலிகாஃப் 1964-ல் வெளியிட்ட ஆய்வு, நியூயார்க், நியூ ஜெர்சி வட்டாரத்து இன்சுலேட்டர் சங்க உறுப்பினர்கள் 632 பேரைப் பின்தொடர்ந்தது. அவர்களிடையே நுரையீரல் புற்றுநோயும் மீசோதீலியோமாவும் (உள்ளுறுப்புகளின் மேலுறையில் வரும் புற்றுநோய்) எவ்வளவு மிகுதி என்பதை அது காட்டியது. உறுப்பினர் பட்டியலைச் சங்கம் ஒழுங்காக வைத்திருந்ததால்தான் அந்த ஆய்வு சாத்தியமாயிற்று. அந்தச் சங்கத்தின் பெயரிலேயே அப்போது அஸ்பெஸ்டாஸ் இருந்தது.

இப்போதைய பொருட்களில் அந்த ஆபத்து இல்லையென்றாலும் தூசி தூசிதான். கண்ணாடி இழையும் ராக்வூலும் தோலில் அரிக்கும். முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி, மேல்நோக்கி வேலை என்றால் முகக்கவசம். வேலை முடிந்ததும் முதலில் குளிர்ந்த நீரில் தேய்க்காமல் கழுவுங்கள். தேய்த்தால் இழை இன்னும் உள்ளே ஏறும். வேலை உடையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். செல்லுலர் கிளாஸை (நுரைக் கண்ணாடியை) அறுக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும். அதன் நுண்ணறைகளில் அடைபட்ட ஹைட்ரஜன் சல்பைடு அது. காற்றோட்டம் இல்லாத இடத்தில் வைத்து அறுக்கக் கூடாது.

பொருளைத் தேர்வது, அளவைச் சொல்வது

பொருள் தேர்வு பெரும்பாலும் வரைபடத்திலேயே எழுதியிருக்கும். ஆனாலும் கையில் வந்த பொருள் அந்த வெப்பநிலைக்கு ஒத்து வருமா என்று தெரிந்திருக்க வேண்டும். ராக்வூலும் கால்சியம் சிலிகேட்டும் 650° செ. வரை தாங்கும் வகைகளில் கிடைக்கின்றன. மனிதர் ஏறி மிதிக்கும் இடங்களில் கால்சியம் சிலிகேட்தான் நிற்கும், ராக்வூல் நசுங்கிவிடும். ரப்பர் ஃபோம் சுமார் 105° செ.-க்கு மேல் உதவாது; குளிர்நீர்க் குழாய்களுக்கே அது ஏற்றது. செல்லுலர் கிளாஸ் தண்ணீரையும் ஆவியையும் உள்ளே விடாது. திரவ வாயுக் குழாய்களில் அதற்கு இணை குறைவு. ஆனால் அதிரும் குழாயில் போட்டால் உள்பக்கம் தேய்ந்து பொடியாகும்.

ஆர்டர் கொடுப்பதில் நடக்கும் மிகச் சாதாரணத் தவறு ஒன்று உண்டு. '2 அங்குலக் குழாய்' என்று சொல்லி வாங்கினால் போதாது. 2 அங்குல இரும்புக் குழாயின் வெளிவிட்டம் 60.3 மி.மீ. 2 அங்குலச் செம்புக் குழாயின் வெளிவிட்டம் 54 மி.மீ. இரும்புக்கான உறையைச் செம்பில் போட்டால் சுற்றிலும் 3 மி.மீ. இடைவெளி நிற்கும், அதில் காற்று ஓடும், குளிர்க் குழாய் என்றால் நீர் கோக்கும். செம்புக்கானதை இரும்பில் போட்டால் நீளவாக்கு வெட்டு மூடவே மூடாது. இரும்பில் 4 அங்குலம் என்றால் 114.3 மி.மீ., 6 அங்குலம் என்றால் 168.3, 14 அங்குலத்திலிருந்துதான் பெயரும் வெளிவிட்டமும் ஒன்றாகின்றன. குழாயோடு ஹீட் டிரேசிங் கம்பி (குழாயைச் சூடாக வைக்கும் கம்பி) ஓடினால் அடுத்த பெரிய அளவு உறை வேண்டியிருக்கும். அதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

சூட்டுக் குழாய்: வரிசை

குழாயின் அழுத்தச் சோதனை முடிந்து கையொப்பமாகியிருக்க வேண்டும். வெல்டு இணைப்பை மூடிய பிறகு சோதனையில் ஒழுகினால் நீங்கள்தான் பிரிக்க வேண்டும். மேற்பரப்பில் பெயின்ட் காய்ந்திருக்க வேண்டும், ஈரம் இருக்கக் கூடாது.

உறைகளை 3 அடி நீளத் துண்டுகளாக வைத்து இறுக்கமாக ஒன்றோடொன்று முட்டச் சேருங்கள். 16 கேஜ் மென்கம்பியை 225 முதல் 300 மி.மீ. இடைவெளியில் கட்டுங்கள். முறுக்கிய முனையை மடக்கி இன்சுலேஷனுக்குள் அழுத்திவிட வேண்டும். நிமிர்ந்து நின்றால் மேல் தகட்டை உள்ளிருந்து துளைக்கும். மொத்தத் தடிமன் 75 மி.மீ.-ஐத் தாண்டினால் இரண்டு அடுக்காகப் போடுங்கள். இரண்டாம் அடுக்கின் இணைப்புகள் முதல் அடுக்கின் இணைப்புகளுக்கு நேரே வரக் கூடாது. செங்கல் சுவரில் வரி மாற்றி வைப்பதைப் போல நீளவாக்கிலும் சுற்றுவாக்கிலும் தள்ளி வைக்க வேண்டும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. கார்பன் ஸ்டீல் ஒவ்வொரு 100° செ. உயர்வுக்கும் மீட்டருக்கு 1.2 மி.மீ. நீளும். 20 மீட்டர் குழாய் 30°-யிலிருந்து 184°-க்குப் போனால் ஏறக்குறைய 37 மி.மீ. நீளும். இன்சுலேஷன் அப்படி நீளாது; கால்சியம் சிலிகேட் சூட்டில் சற்றுச் சுருங்கவே செய்யும். அந்த 37 மி.மீ. எங்கோ திறந்தாக வேண்டும். நீங்கள் இடம் ஒதுக்காவிட்டால் அதுவே ஓர் இணைப்பைத் தேர்ந்தெடுத்துக் குழாய் தெரியும் அளவுக்குப் பிளந்துகொள்ளும். அதனால் கடினமான உறைகளில் குறித்த தூரத்துக்கு ஒருமுறை 25 முதல் 40 மி.மீ. இடைவெளி விட்டு, அதில் ராக்வூலை அழுத்தி அடைத்து, இரண்டாம் அடுக்கால் மூடுவார்கள். செங்குத்துக் குழாயில் 4 மீட்டர் அளவுக்கு ஒரு தாங்கு வளையம். இந்த இடைவெளி வளையத்தின் அடியில்தான் வர வேண்டும், மேலே அல்ல. இன்சுலேஷன் எடையால் கீழே இறங்கி வளையத்தில் உட்கார்ந்துகொள்ளும். அதன் மேல்பக்கத்தில் இடைவெளி விட்டு என்ன பயன்?

எல்போ

புது ஆள் நேரத்தை இழக்கும் இடம் இதுதான். வளைவுக்கு நேருறையைச் சாய்வாக அறுத்துத் துண்டுகளாக்கி அடுக்க வேண்டும். கண்ணளவில் வெட்டினால் ஒவ்வொரு இணைப்பிலும் 2, 3 மி.மீ. சந்து விழும், பிறகு அதில் பூச்சை அப்பி மறைக்க வேண்டி வரும். கணக்குப் போட்டால் 5 நிமிடம்.

90° வளைவை N துண்டுகளாகப் பிரித்தால், இரு முனையிலும் அரைத்துண்டு, நடுவில் முழுத்துண்டுகள். ஒவ்வொரு சாய்வு வெட்டின் கோணம் 90-ஐ 2(N−1)-ஆல் வகுத்தால் வரும். 6 துண்டுகள் என்றால் 90 ÷ 10 = 9°.

எடுத்துக்காட்டு: 4 அங்குலக் குழாய், நீள ஆரம் கொண்ட எல்போ, 50 மி.மீ. இன்சுலேஷன். எல்போவின் மையக்கோட்டு ஆரம் 152 மி.மீ. இன்சுலேஷனோடு சேர்த்து வெளிவிட்டம் 214, பாதி 107. வெளிமுதுகின் ஆரம் 152 + 107 = 259. உள்வளைவின் ஆரம் 152 − 107 = 45. நடுத்துண்டின் முதுகு நீளம் 2 × 259 × டேன் 9° = 82 மி.மீ.; உள்வளைவு நீளம் 2 × 45 × டேன் 9° = 14 மி.மீ. முனைத்துண்டுகள் இதில் பாதி: 41, 7. உறையின் மேல் இரு எதிர்ப்பக்கங்களில் நீளக்கோடு இழுத்து, ஒன்றில் 82, மற்றதில் 14 என்று குறியுங்கள். அடுத்த துண்டுக்கு உறையை அரைச்சுற்றுத் திருப்பினால் ஒரே சாய்வு வெட்டு இரண்டு துண்டுகளுக்கும் உதவும். வீணாவது சொற்பம்.

இதே எல்போவுக்கு 100 மி.மீ. இன்சுலேஷன் கேட்டால்? பாதி விட்டம் 157 ஆகிறது. மையக்கோட்டு ஆரத்தைவிடப் பெரிது. உள்வளைவு நீளம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகிறது, அதாவது துண்டுகள் உள்பக்கம் ஒன்றையொன்று இடிக்கும். அப்போது உள்பக்க நுனியைச் சீவி, இரண்டு நேருறைகளும் மூலையில் சந்திக்கும்படி அமைக்க வேண்டும். வெட்டிய பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்கள் நிறைய.

வால்வு, ஃபிளாஞ்ச், டிராப்

ஃபிளாஞ்சுக்கு முன்பே இன்சுலேஷனை நிறுத்த வேண்டும். எவ்வளவு தூரம் என்றால், போல்ட் நீளம், அதோடு 25 மி.மீ. 4 அங்குல 150 கிளாஸ் ஃபிளாஞ்சில் போல்ட் 90 மி.மீ.; ஆகவே 115 மி.மீ. விடுங்கள். இல்லாவிட்டால் கேஸ்கெட் மாற்ற வரும் ஃபிட்டர் போல்டை உருவ இடமில்லாமல் உங்கள் வேலையைச் சுத்தியலால் உடைப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. நிறுத்திய முனையைத் திறந்து விடாமல் தகட்டு மூடியால் அடைத்து விளிம்பில் சீலன்ட் இடுங்கள்.

அடிக்கடி திறக்கும் வால்வுகளுக்குக் கழற்றி மாட்டும் மெத்தைகள்தான் சரி: சிலிக்கோன் பூசிய கண்ணாடித் துணிக்குள் கண்ணாடி இழைப் பாய், வெளியே பட்டையும் வளையமும். வால்வின் பேக்கிங் கிளாண்டை (தண்டைச் சுற்றியுள்ள அடைப்பை) மூடக் கூடாது. கசிவு தெரிய வேண்டும். பெயர்ப்பலகை, பரிசோதனைத் துளை, டிரெயின் எதுவும் மறையக் கூடாது. ஸ்டீம் டிராப் என்பது நீராவிக் குழாயில் சேரும் நீரை மட்டும் வெளியேற்றும் கருவி; அதில் தெர்மோஸ்டாட்டிக் வகையை மூடவே வேண்டாம். அது வெப்பத்தை இழந்தால்தான் திறக்கும். போர்த்திவிட்டால் நீர் தேங்கி வரி (குழாய்த் தொடர்) முழுக்கத் தொந்தரவு.

ராக்வூல் போட்ட வரி முதன்முதலாகச் சூடேறும்போது உள்ளே இருக்கும் பிணைப்புப் பசை எரிந்து புகையும் நாற்றமும் வரும். இதை இயக்குபவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் தீ என்று நினைத்து ஆலையை நிறுத்துவார்கள்.

குளிர்க் குழாய் வேறு தொழில்

சூட்டுக் குழாயில் ஒரு சந்து விட்டால் கொஞ்சம் வெப்பம் போகும். குளிர்க் குழாயில் ஒரு சந்து விட்டால் அந்த வரியே போகும். 35° செ. காற்றில் 80 சதவீத ஈரப்பதம் என்றால் பனிநிலை (காற்றின் ஈரம் நீராகக் கோக்கத் தொடங்கும் வெப்பநிலை) சுமார் 31°. 7°-யில் ஓடும் குளிர்நீர்க் குழாயின் மேற்பரப்பை அந்தக் காற்று எந்தத் துளை வழியாகத் தொட்டாலும் நீர் கோக்கும். கோத்த நீர் இழைக்குள் ஊறும். உலர்ந்த கண்ணாடி இழையின் வெப்பக்கடத்தல் 0.035 முதல் 0.04, தண்ணீருடையது 0.6, ஏறக்குறைய 15 மடங்கு. ஊறிய இடம் மேலும் குளிரும், மேலும் கோக்கும். வெளியே சொட்டுவதைப் பார்க்கும்போது உள்ளே பல மீட்டர் ஏற்கெனவே கெட்டிருக்கும்.

ஆகவே இங்கே இன்சுலேஷனைவிட ஆவித்தடுப்பு உறைதான் வேலை. வெள்ளைத் தாள் உறையோடு வரும் கண்ணாடி இழைத் துண்டுகளில் ஒட்டுமடிப்பைப் பிரித்து, தூசி படியும் முன் ஒட்டி, பிளாஸ்டிக் தேய்ப்பானால் வலுவாக அழுத்துங்கள். கடுங்குளிரில் அந்தப் பசை பிடிக்காது. துண்டுகள் சந்திக்கும் இடத்தில் 75 மி.மீ. அகலப் பட்டையை ஒட்டி அதையும் தேய்க்க வேண்டும். ஸ்டேப்ளர் கூடாது, ஒவ்வொரு ஊசியும் இரண்டு துளை. பழக்கதோஷத்தில் அடித்துவிட்டால் மேலே மாஸ்டிக் (களிம்புபோன்ற அடைப்புப் பூச்சு) பூசி அடைத்தே ஆக வேண்டும். மேல் தகடு போட்டாலும் திருகாணி கூடாது, பட்டைகள் மட்டும்.

5, 6 மீட்டருக்கு ஒருமுறையும், ஒவ்வொரு வால்வின் இருபுறமும், முடியும் இடங்களிலும் ஆவித் தடுப்பணை வையுங்கள்: இன்சுலேஷனின் வெட்டு முகத்திலிருந்து குழாயின் உலோகம்வரை மாஸ்டிக் பூசி முற்றாக அடைப்பது. ஓரிடத்தில் ஓட்டை விழுந்தாலும் ஈரம் இரண்டு அணைகளுக்கு நடுவிலேயே நிற்கும். எல்போ, டீ போன்ற இடங்களில் மாஸ்டிக் ஒரு பூச்சு, அது ஈரமாக இருக்கும்போதே கண்ணாடி வலைத்துணி, அதன் மேல் இன்னொரு பூச்சு. வலையின் கண்கள் வெளியே தெரிந்தால் இரண்டாம் பூச்சு போதவில்லை என்று பொருள்.

தாங்கிகள்தான் குளிர் வரிகளின் பலவீனம். தொங்கும் கிளாம்ப் குழாயை நேரடியாகப் பிடித்திருந்தால் அந்தக் கம்பி வழியாகக் குளிர் ஏறி, கூரைவரை வியர்க்கும். கிளாம்ப் இன்சுலேஷனுக்கு வெளியே இருக்க வேண்டும். அந்த இடத்தில் மட்டும் நசுங்காத, அடர்த்தி கூடிய துண்டு. அதன் அடியில் எடையைப் பரப்பும் வளைந்த தகடு, குறைந்தது 300 மி.மீ. நீளம். குழாய் மாட்டும் அணியோடு இதைத் தொடக்கத்திலேயே பேசி முடிக்காவிட்டால், பிறகு ஒவ்வொரு தாங்கியிலும் குழாயைத் தூக்கிப் பிடித்துத்தான் சரிசெய்ய வேண்டி வரும்.

ரப்பர் ஃபோம் போடும்போது: வரி ஓடக் கூடாது. பசையை இரு முகங்களிலும் மெல்லிசாகப் பூசி, விரலில் ஒட்டாமல் பிசுபிசுக்கும் நிலை வரும்வரை சில நிமிடம் பொறுத்து, பிறகு அழுத்துங்கள். ஈரமாகவே ஒட்டினால் கரைப்பான் உள்ளே சிக்கி, சில வாரத்தில் இணைப்பு வாய் திறக்கும். ஃபோம் உறையை இழுத்து நீட்டிப் பொருத்தக் கூடாது. இடைவெளியைவிடச் சில மி.மீ. கூடுதலாக வெட்டி நெருக்கித் தள்ளுங்கள். பசை முழுதும் உலர ஒன்றரை நாள் கொடுத்த பிறகே குளிர்நீரை விடச் சொல்லுங்கள்.

மேல் தகடு

தகட்டின் அகலம்: வெளிவிட்டம் × 3.1416, அதோடு 50 மி.மீ. மேல்மடிப்பு. மேலே சொன்ன 4 அங்குலக் குழாய்க்கு 214 × 3.1416 = 672; மடிப்போடு 722 மி.மீ. ஆனால் வெட்டும் முன் போட்டு முடித்த இன்சுலேஷனைச் சுற்றி டேப்பைப் பிடித்துப் பாருங்கள். கம்பிக் கட்டு, சற்று விரிந்த இணைப்பு இவற்றால் 5 முதல் 10 மி.மீ. கூடியிருக்கும்.

கூரையில் ஓடு வேய்வதுபோலக் கீழிருந்து மேலே போங்கள். மேல் தகடு கீழ்த்தகட்டின் வெளியே இறங்க வேண்டும். கிடைக் குழாயில் நீளவாக்கு மடிப்பு கடிகாரத்தின் 3 அல்லது 9 மணி நிலையில், வாய் கீழ்நோக்கி. 12 மணியில் மடிப்பு வைத்தவரின் வேலையை முதல் மழையே சோதித்துவிடும். அலுமினியத் தகடு வழக்கமாக 0.4 மி.மீ.; உள்பக்கத்தில் ஈரத்தடுப்புப் படலம் ஒட்டியதையே வாங்குங்கள், இல்லையென்றால் ஈரத்தில் தகடு உள்ளிருந்து அரிக்கும். பட்டைகள் 225 முதல் 300 மி.மீ. இடைவெளியில். சூட்டு வரியில் தகடும் நீளும், ஆகவே சில சுற்றிணைப்புகளைத் திருகாமல் வழுக்க விட வேண்டும்.

தகட்டைத் துளைத்து வரும் ஒவ்வொன்றும் தண்ணீர் நுழையும் வாசல்: கேஜ் குழாய், தாங்கி, ஏணிக் கொக்கி. அங்கே மெல்லிய சீலன்ட் கோடு போதாது. சாய்வாக அமைத்து, நீர் வழிந்து விழும்படி செய்யுங்கள். கார்பன் ஸ்டீல் குழாயில் இன்சுலேஷனுக்கு அடியில் துருப் பிடிக்கும் அபாயம் −4° முதல் 175° செ. வரையிலான வரிகளில் அதிகம். அதைவிடச் சூடானவற்றில் ஈரம் உலர்ந்துவிடும், ஆனால் அடிக்கடி நின்று ஓடும் வரிக்கு அந்த ஆறுதல் இல்லை. ஸ்டெயின்லெஸ் குழாயில் குளோரைடுதான் எதிரி. நீர் நனைத்த இன்சுலேஷனிலிருந்து குளோரைடு கரைந்து சூட்டில் செறிவாகி உலோகத்தில் விரிசல் விடும். அதற்கு ஏ.எஸ்.டி.எம். சி795 தரத்துக்கு உட்பட்ட பொருளா என்று பெட்டியின் மேலேயே பாருங்கள். மழையில் நனைந்த பெட்டியை 'வரி சூடானால் காய்ந்துவிடும்' என்று சொல்லிப் போடச் சொல்வார்கள். மறுத்துவிடுங்கள், எழுத்தில் கேளுங்கள். இந்த மாதிரி நேரத்தில் பக்கத்தில் ஒரு சங்கப் பிரதிநிதி இருப்பது எவ்வளவு உதவி என்பது அன்றைக்குத் தெரியும்.

ஒப்படைக்கும் முன்

சூட்டு வரி முழு வெப்பநிலைக்கு வந்து சில மணி நேரம் கழித்து நடந்து பாருங்கள். ஆட்கள் கை படக்கூடிய இடங்களில் மேற்பரப்பு 60° செ.-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பொதுவான வரம்பு. பளபளக்கும் அலுமினியத்தை அகச்சிவப்புத் துப்பாக்கியால் அளந்தால் பொய்க் கணக்குக் காட்டும். ஒரு துண்டுக் கறுப்பு டேப்பை ஒட்டி, அது தகட்டின் சூட்டுக்கு வந்த பிறகு அதன் மேல் அளவெடுங்கள். குளிர் வரியை ஈரப்பதம் மிகுந்த ஒரு நாளில் பாருங்கள்: தாங்கிகளின் அடி, வால்வுத் தண்டு, முடியும் முனை. அங்கே கை ஈரமானால் அந்த இடத்தை அன்றே திறந்து, நனைந்த துண்டை எடுத்து, குழாயைத் துடைத்து, அணையை மறுபடியும் பூசுங்கள். மேலே இன்னொரு சுற்று டேப் ஒட்டினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுவிடும்.